நாலு மில்லிமீட்டர்

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மாமா பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஓரம் சட்டத்தில் உரசி 'சர்'ரென்றது. அரியலூரில் என் வெல்டிங் பட்டறை வாசலில், சிமெண்ட் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவிலும் அது எங்கள் இருவருக்கும் நன்றாகவே கேட்டது.

மாமா என் அக்காவின் கணவர். ஆண்டிமடத்தில் உரக்கடை வைத்திருந்தார். சர்க்கரை கூடியபோது டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பதில் அலுப்பு தட்டி, பழைய மவுண்டன் பைக் ஒன்றை வாங்கிவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் கியர் சைக்கிளில் முந்திரித் தோப்புக்குள் போவதை ஊரே வேடிக்கை பார்த்தது. அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் மணலில் சக்கரம் புதைந்து விழுந்ததில் தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டது. "இனிமே அதத் தொட்டீங்கன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்று அக்கா அழுதாள். அகலமான டயர் போட்டால் அவ்வளவாகப் புதையாது என்று யாரோ சொல்ல, தோள் ஆறியதும் பெரம்பலூர் போய் இரண்டு டயர் வாங்கிக்கொண்டு, சைக்கிளைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி என்னிடம் வந்துவிட்டார்.

முன்பக்கம் டயர் தாராளமாக உட்கார்ந்தது. பின்பக்கம், சக்கரத்தின் இருபுறமும் வரும் குழாய்களுக்கிடையில் இடம் போதவில்லை.

"பக்கத்துக்கு ரெண்டு மில்லி தேச்சு விட்டுடு மாப்ள. மொத்தமே நாலு மில்லி."

கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டேன். அப்பா போனபிறகு என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவர் அவர். இந்தப் பட்டறைக்கு இடம் பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். அதுவரை அவரிடம் நான் எதற்கும் மாட்டேன் என்றதில்லை. குழாயை விரலால் தட்டிப் பார்த்தேன். மெல்லிய அலுமினியம். அதிலும் குறைத்தால், அவருடைய எடைக்கு ஏதாவது ஒரு பள்ளத்தில் முறிந்துவிடும்.

"வேணாம் மாமா. தேச்சா ஒடிஞ்சிரும்."

"ஒடிஞ்சா நான் பாத்துக்கறேன்."

"என்னால முடியாதுங்க."

வாங்கி வைத்த டீயைக்கூடத் தொடாமல் அவர் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் போன் இல்லை. நானும் கூப்பிடவில்லை, என்ன சொல்லிக் கூப்பிடுவது?

நாலாம் நாள் காலை பட்டறையைத் திறக்கும்போது வாசலில் நின்றார். "சரி, வேற என்னதான் வழி? நீயே சொல்லு."

முன்னால் அந்த அகல டயரையே விட்டுவிட்டு, பின்னால் கொஞ்சம் ஒடுங்கிய ஒன்றைப் போட்டேன். இருபக்கமும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைத்தது. மணலில் புதையாமலிருக்கக் காற்றையும் குறைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தோப்பு மணலில் ஓட்டிப் பார்த்தார். பின்சக்கரம் லேசாக வழுக்கியது, முன்சக்கரம் புதையவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பாமலே கத்தினார்: "இது போதும்டா மாப்ள!" அருகில் நின்ற அக்கா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

போன வருஷம் மாமா காய்ச்சலில் காலமானார். காரியம் முடிந்த பிறகுதான் அக்கா ஒன்றைச் சொன்னாள். அந்த மூன்று நாளில் அவர் சைக்கிளை வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே உடனே ஒத்துக்கொண்டு மிஷினைப் போட்டும்விட்டார்கள். கடைசி நேரத்தில் இவர்தான் தடுத்திருக்கிறார்.

"நிறுத்துங்க. எம் மச்சினன் வேணாம்னு சொல்லிட்டான். அவன் சும்மா சொல்ல மாட்டான்."

என்னிடம் ஒருநாளும் அவர் இதைச் சொன்னதில்லை.