கூரை அசையாத நாள்

போன வருடப் புயலில் எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து ஒரு தகர ஷீட் கழன்று பறந்தது. வயல்வெளியில் போய் விழுந்திருந்தால் எனக்கு ஷீட் போன கவலையோடு முடிந்திருக்கும். அது பக்கத்து வீட்டு அக்காவின் சமையற்கட்டு மேல் விழுந்து, அவர் கூரையின் சிமெண்ட் ஷீட்டைப் பிளந்துவிட்டது. அந்த நேரம் கதவு அடித்துக்கொள்கிறதே என்று சாத்த வந்ததால் அக்கா பிழைத்தார். ஒரு நிமிடம் முன்னால் அங்கே நின்றுதான் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

உடைந்ததை நாங்களே மாற்றிக் கொடுத்தோம். ஆனாலும் அக்கா அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினார். குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அதைவிட அதிகமாகச் செய்திருப்பேன்.

கடம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிடம் உள்ளே நடந்தால் எங்கள் தெரு வரும். நான் காக்களூரில் ஒரு சின்னப் பட்டறையில் டிரில்லிங் மிஷினில் வேலை பார்க்கிறேன். இரும்புத் தகட்டில் ஓட்டை போடுவதுதான் காலை முதல் மாலை வரை வேலை. என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலையில் ஷிப்ட். அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவார்.

இந்த வருடம் ஐப்பசி பிறந்ததுமே கூரை வேலை பார்ப்பவரைத் தேடிப் போனேன். “தீபாவளி முடியட்டும்மா, வந்து பாத்துக்கலாம்” என்றார். தீபாவளி முடிந்த பிறகு அவர் போனையே எடுக்கவில்லை. எல்லார் வீட்டிலும் அதே அவசரம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

வீட்டுக்குப் பின்னால் போன வருடம் பறந்த ஷீட் சுவரில் சாய்த்தபடி கிடந்தது. ஒரு சாயங்காலம் அதைத் திருப்பிப் போட்டு, பட்டறையில் தகடு பார்ப்பது போலவே விரலால் தடவிப் பார்த்தேன். ஸ்குரூ இருந்த ஓட்டைகள் எல்லாம் நீளவாக்கில் கிழிந்திருந்தன. ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. ஓரத்தில் இருந்தவையே மூன்றோ நான்கோ ஸ்குரூதான். காற்று முதலில் கைவைப்பதே ஓரத்தில். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். ஷீட்டைத் தாங்கும் பைப்புகள் சுவர் மேல் சும்மா உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் இரண்டிரண்டு செங்கல், அவ்வளவுதான். இத்தனை வருடம் இந்தக் கூரை எங்கள் தலைமேல் நின்றதே பெரிசு என்று தோன்றியது.

மறுநாள் ஓனரிடம் கை டிரில்லிங் மிஷினை இரவல் கேட்டேன்.

“யாரு ஏறப் போறது?” என்றார்.

“நான்தான் சார்.”

மிஷினை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு உள்ளே போய் இடுப்பில் கட்டும் பெல்ட்டும் கயிறும் கொண்டுவந்து கொடுத்தார். “இத்தக் கட்டிக்கினு ஏறு. கட்டாம ஏறனன்னு தெரிஞ்சா மிஷினத் திருப்பி வாங்கிக்குவேன்.”

சனிக்கிழமை வந்த வீட்டுக்காரர், கூடத்தில் குவிந்திருந்த கொக்கி போல்ட்டுகளையும் இரும்புப் பட்டைகளையும் பார்த்தார். கொக்கி போல்ட் என்பது குடைப்பிடி போல வளைந்திருக்கும். கீழே பைப்பைக் கவ்விக்கொள்ளும், மேலே நட்டு போட்டு முடுக்க வேண்டும்.

“மழ வர்ற நேரத்துல கூரைல ஓட்ட போடறன்றியே, இன்னாமே உனுக்கு?”

“பன்னெண்டு வருசமா ஓட்டதான மாமா போட்டுக்கினு கீறேன்.”

அவர் சிரித்தார். பிறகு மெதுவாக, “எனுக்கு ஒசரம் ஆவாது, தெரியுமில்ல” என்றார்.

“நீ மேல வர வேணாம். உள்ள ஸ்டூல் போட்டுக்கினு பைப்ப செவுத்தோட பட்ட வெச்சி அடி. ஓட்டைய நான் மேல போடறேன், நீ கீழேர்ந்து போல்ட்ட ஏத்தி கொக்கிய மாட்டு.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெல்ட்டைக் கட்டி, கயிற்றைப் பின்பக்கத் தூணில் முடிந்து ஏறினேன். பைப்புகள் போகும் இடமாகப் பார்த்துப் பலகை போட்டு அதன்மேல் மண்டியிட்டேன். முதல் ஓட்டை போடும் இடத்தை மூன்று தடவை அளந்தேன். மிஷின் எப்போதும் போடும் அதே சத்தம் காதில் விழுந்ததும் பட்டறையில் நிற்பது போல ஆகிவிட்டது. ஓட்டை போடுவேன், கீழேயிருந்து போல்ட்டின் முனை எட்டிப் பார்க்கும், தகரத்துக்கு அடியிலிருந்து “மாட்டிட்டேன்” என்று அவர் குரல் வரும், புது வாஷர் வைத்து நட்டை முடுக்குவேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்தது அன்றுதான்.

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சர்ச்சிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டு அக்கா, வெள்ளைப் புடவையோடு தன் கொல்லையில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்காதது போல வேலையைச் செய்தேன். ரொம்ப நேரம் கழித்து அவர் குரல் கேட்டது.

“பனமரத்தாண்ட கீற மூலைய உட்டுட்டியே.”

“அங்க போன வருசந்தான் புது ஷீட்டு, புது ஸ்குரூ போட்டதுக்கா.”

“போன தபா ஷீட்டு மொதல்ல தூக்குனது அந்த மூலைலதான். கதவு சாத்த வந்தப்ப நான் கண்ணால பாத்தேன்.”

ஒரு வருடமாக அவரிடம் மட்டும் இருந்த விவரம் அது. பலகையை நகர்த்திப் போட்டு அந்த மூலையில் ஆறு போல்ட் போட்டேன். கீழே இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு அவரிடமே போனேன்.

“உன் ஊட்டையும் பாத்துடட்டாக்கா?”

“என்து சிமெண்ட் ஷீட்டு. நீ கால் வெச்சா ஒடஞ்சிடும்.”

“பலக மேலதான் நிப்பேன். துருப்புடிச்ச நட்ட மட்டும் மாத்திடறேன்.”

அவர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். எங்கள் ஏணியின் ஒரு முனையைத் தூக்கினார். இருட்டுவதற்குள் அவர் கூரையும் முடிந்தது.

பத்து நாளில் புயல் வந்தது. விடியும்போதே காற்று பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. காலை ஒன்பது மணிக்கு அக்கா தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் டீ பிளாஸ்க்கோடு வந்து நின்றார். “தனியா குந்தினு இருக்க முடியல” என்றார். கதவைச் சாத்தி, பின்னால் கட்டிலை இழுத்துப் போட்டு, இருவரும் அதன்மேல் உட்கார்ந்தோம்.

போன வருடம் ஒவ்வொரு வீச்சுக்கும் பைப்புகள் சுவரைவிட்டு எழும்பி எழும்பி உட்கார்ந்தன. இந்தத் தடவை காற்று அதைவிட மோசம். தகரம் உறுமியது. பைப்பு முனகியது. ஆனால் எழும்பவில்லை. பனைமரத்துப் பக்கத்து மூலையையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரிய வீச்சில் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். அது கடந்து போனது. அடுத்ததும் கடந்து போனது. எனக்குள் பயம் வடிந்து வேறு ஏதோ ஏறியது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வீச்சையும், வா பார்க்கலாம் என்றுதான் எதிர்பார்த்தேன்.

நடுவில் வீட்டுக்காரர் போன் செய்தார். ஆலையில் வேலையை நிறுத்திவிட்டார்கள், வழியெல்லாம் தண்ணீர், வர முடியவில்லை.

“இன்னாமே ஆச்சி?”

“ஒண்ணும் ஆவல. அங்கயேதான் கீது.”

“அந்த மூல?”

“அதுவுந்தான்.”

மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

மூன்று மணிக்குக் காற்று அடங்கியது. வெளியே வந்து பார்த்தால் மின்கம்பம் சாய்ந்திருந்தது, எதிர்வரிசையில் மூன்று வீட்டுக் கூரைகள் போயிருந்தன. யாருக்கும் அடியில்லை. அக்கா தன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். எங்கள் வீட்டையும் சுற்றினார். பிறகு தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார்: “இவ கையால முடுக்குனது. ஒண்ணுகூட ஆடல.”

கூரை போன மூன்று குடும்பத்தையும் நாங்கள் இரண்டு பேரும் பிரித்துக்கொண்டோம். என் வீட்டுக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அக்கா பெரிய குண்டானைக் கொண்டுவந்தார், உப்புமா கிளறினோம். ஈரத் துணியோடு வந்த ஒரு பெண் கூடத்தில் நின்று, தரையைக் காலால் தடவிப் பார்த்தாள்.

“காஞ்சி கீதேக்கா” என்றாள்.

“ஆமா, குந்து” என்று அவளுக்குப் பாயை விரித்தேன்.