தோலை வெட்டிய புல் மிஷின்

இன்று காலை பக்கத்து வீட்டு அந்தோணி, தான் தோட்ட வேலை செய்யும் பங்களாவின் புல் வெட்டும் மிஷினை என் வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

"அண்ணே, பிளேடு மழுங்கிப்போச்சு. சாயந்தரம் துரை வீட்ல விருந்து. புல்லு இப்படியே இருந்தா நாளைக்கே வேற ஆளை வச்சிடுவாரு."

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் தினமும் கத்தி தீட்டுகிற எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? உருளையில் இருந்த பிளேடுகளைத் தீட்டி, கீழே அசையாமல் இருக்கும் அடிக்கத்தியோடு இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்படி திருகுகளை முடுக்கினேன். இடையில் ஒரு தோல் துண்டைக் கொடுத்து உருளையைச் சுற்றினேன். சரக்கென்று வெட்டியது.

தெருவோரப் புல்லில் தள்ளினோம். புல் படுத்துவிட்டு மறுபடி எழுந்து நின்றது.

"மிஷினே மட்டம்டா!" என்று கத்தினேன். அந்தோணிக்குக் கண் கலங்கிவிட்டது.

முறத்தோடு வெளியே வந்த என் மனைவி ஜைத்தூன் சொன்னாள்: "தோலு தடிமனுக்கு இடுக்கு வச்சா புல்லு நழுவிப் போவாதா? புல்லு வெட்டுற மிஷினுக்குப் புல்லைக் குடுத்துப் பார்த்தா இன்னா?"

அவள் ஒரு புல்லை நீட்ட, அது இரண்டு ஓரத்திலும் அறுபடும்வரை திருகை முடுக்கினேன்.

சாயந்தரம் அந்தோணி சிரித்துக்கொண்டே வந்தான். வேலை தப்பித்தது.

கத்தி என்றால் என் கை தானாகத் தோலைத்தான் தேடுகிறது. வீட்டில் காய் நறுக்கும் அரிவாள்மணையையும் இத்தனை நாள் டேனரித் தோலில்தான் சோதித்தேன் என்பது ஜைத்தூனுக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது.

யார் வீட்டிலாவது எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைக்குமா?