இறங்கிக்கொண்டே இருந்த ஜாக்கி

வளைகாப்பு முடிந்து என் மனைவியை அவள் பிறந்த ஊரான ஆயக்குடிக்குக் கூட்டிப்போன வாரம், திண்டுக்கல்லில் என் பட்டறை பட்டறையாகவே இல்லை. ஸ்பேனரைத் தேடுவேன், அது கையிலேயே இருக்கும். போய்ப் பார்த்துவிட்டு வரலாமென்றால் அந்தக் காலத்தில் அது லேசில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் போனவளைக் கட்டினவன் அடிக்கடி எட்டிப்பார்த்தால் ஊர் சிரிக்கும். "ஏலே, முந்தானை நூலு சட்டையில ஒட்டியிருக்கு பாரு" என்று பக்கத்து டீக்கடைக்காரரே ஆரம்பித்துவிடுவார். காரணமில்லாமல் காக்காகூடக் கத்தாது என்பார்கள். எனக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது.

அது ஒரு ஜாக்கியாக வந்தது. என் மாமனார் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, கொய்யாப்பழம் ஏற்றுகிற லாரிக்காரர் ஒருவர் இருந்தார். சக்கரம் வைத்த எண்ணெய் ஜாக்கி ஒன்றை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். கைப்பிடியை அடித்தால் லாரியின் முன்பக்கத்தை அலுங்காமல் தூக்கும். தூக்கிய பிறகு சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். அதைச் சரிபண்ணித் தரச்சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார். அச்சின் உயரத்தை ஒரு குச்சியில் கீறி வைத்துவிட்டு டீ குடித்து வந்து பார்த்தேன். இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

உள்ளே இருந்த தோல் வாஷர் நைந்திருந்தது. தோல் பதனிடுகிற ஊர்க்காரனுக்குத் தோலுக்கா பஞ்சம்? புதுசாக வெட்டிப் போட்டேன். அப்போதும் இறங்கியது. ஏனென்று எனக்குத் தெரியும். எண்ணெயைத் திருப்பி விடுகிற திருகுக்கு அடியில் ஒரு சின்ன இரும்புக் குண்டு உண்டு. அது உட்காருகிற குழியில் கீறல் விழுந்திருந்தது. எண்ணெய் அந்த வழியாகக் கசிந்தது. அரை நாள் வேலைகூட இல்லை. நான் செய்யவில்லை. "அடுத்த வாரம் வாரேன்" என்றேன்.

அடுத்த வாரம் எண்ணெயை மாற்றினேன். அதற்கடுத்த வாரம் திருகைத் துடைத்து மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் மாமனார் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவள்தான் பரிமாறுவாள்.

"ஏனுங்க, இன்னும் இறங்குதுங்களா?"

"இறங்குது."

"உங்களுக்குத் தெரியாத ஜாக்கியாங்க அது?"

உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். விருந்தும் மருந்தும் மூணு நாள் என்கிற பழமொழியை அவளே சொல்லி, வெஞ்சனத்தை இன்னும் கொஞ்சம் வைப்பாள்.

நாலாவது வாரம் அவள் சிரிக்கவில்லை. ஒரு சட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். பாதி கிழிந்திருந்தது. அவளுடைய அண்ணன்தான் அந்த லாரிக்கு டிரைவர்.

"நேத்து அடியில படுத்திருந்தாருங்க. வண்டி இறங்கிச் சட்டையப் புடிச்சிருச்சு. கிழிச்சுக்கிட்டு உருண்டு வந்தாராம்." கிழிசலை விரலால் தொட்டுக் காட்டினாள். "என்னையப் பாக்க வாரதுக்கு எங்கண்ணன் நெஞ்சையா முட்டுக் குடுப்பீங்க?"

பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

எண்ணெயை வடித்து, திருகைக் கழற்றி, குண்டை வெளியே எடுத்தேன். குழியைத் துடைத்து, பழைய குண்டையே வைத்து, பித்தளைக் கம்பியை அதன்மேல் நிறுத்தி மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன். குழி ஒழுங்கானது. அதில் புதுக் குண்டைப் போட்டு, எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றி லாரியைத் தூக்கினேன். குச்சியில் கீறிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வெயில் சாய்கிற வரைக்கும் மயிரிழை இறங்கவில்லை. மைத்துனரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தங்கச்சி வீட்டுக்காரராப் போயிட்டீங்க" என்று மட்டும் சொன்னார். இனி எந்த ஜாக்கியானாலும் மரக்கட்டை முட்டு வைக்காமல் அடியில் போகாதீர்கள் என்றேன்.

லாரிக்காரருக்குச் சந்தோஷம். "கெட்டிக்காரருங்க மாப்பிள்ளை! இனி உங்களுக்கு இந்த அலைச்சல் இல்லீங்க."

நான் கிளம்பும்போது என் மனைவி வாசல்வரை வந்து நின்றாள், ஒரு கையை இடுப்புக்கு முட்டுக் கொடுத்தபடி. "போயிட்டு வாங்க" என்றாள்.

"இனி என்ன காரணம் சொல்லிட்டு வர?"

அவள் மூன்று வீடு தள்ளி நின்ற லாரியைப் பார்த்தாள்.

மகள் பிறந்த சேதி வர ஒன்றரை மாதமானது. அதுவரை தினம் காலையில் ஆயக்குடி வழியாகப் போகிற பழனி பஸ் பட்டறை வாசலில் வேகத்தைக் குறைக்கும். வாரம் தவறாமல் என்னை ஏற்றிப்போன கண்டக்டர் படியில் தொங்கியபடி, "வாரீகளா?" என்று புருவத்தை உயர்த்துவார். நான் ஸ்பேனரை ஆட்டி, இல்லை என்பேன்.