ஒன்பது மெயில் மட்டும் தெரிந்த திரை

1. போன்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குப் பன்னீர் போன் செய்தார். விருத்தாசலத்தில் பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்யும் யூனிட் வைத்திருப்பவர். எங்கள் மெயில் சாஃப்ட்வேரை முதலில் வாங்கியவரும் அவர்தான்.

“மேடம், ஒரு சூளை சரக்கு வீணாப் போச்சு. துளைய பெருசாக்கச் சொல்லி பார்ட்டி வியாழக்கெழமையே மெயில் போட்டாங்களாம். ஆபீஸ்ல தேன்மொழி பாக்கவே இல்ல. சனிக்கெழம பழைய அளவுலயே சுட்டுட்டோம். அந்த மெயில் எப்ப வந்துதுன்னு பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். வியாழன் மாலை ஏழரைக்கு ஒழுங்காக வந்திருந்தது. சொன்னேன்.

“அப்ப தப்பு தேன்மொழி மேலதான். வேலைக்கு வர வேணாம்னு சொன்னது சரிதான்” என்று வைத்துவிட்டார்.

சாஃப்ட்வேரில் கோளாறு இல்லை என்று கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் அந்த மெயில் வந்ததற்கு முந்தின நாள், புதன்கிழமை, நான் செய்த மாற்றம் ஞாபகம் வந்தது.

2. நான் செய்த மாற்றம்

விருத்தாசலத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியா என்று கேட்பார்கள். ஆமாம். ஹார்டுவேர் கடை மாடியில் ஐந்து பேர். நான் டிசைனர். மெயில் திரையில் எது எங்கே, எவ்வளவு இடைவெளி விட்டு இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை.

பழைய இன்பாக்ஸ் திரையில் ஒரே நேரத்தில் இருபத்தாறு மெயில் தெரியும். ஒரு மெயிலுக்கு ஒரு வரி. பார்க்க ரயில்வே சார்ட் மாதிரி இருக்கும். நான் அதை மாற்றி ஒவ்வொரு மெயிலுக்கும் மூன்று வரி உயரம் கொடுத்தேன். இடப்பக்கம் அனுப்பியவரின் முதலெழுத்தோடு ஒரு வட்டம், நடுவில் பெரிய எழுத்து, சுற்றிலும் தாராளமாகக் காலி இடம். எங்கள் முதலாளி ராஜவேலு சார், “இப்பதான் கண்ணுக்குக் காத்தோட்டமா இருக்குது” என்றார். பன்னீரும் பளிச்சென்று இருப்பதாகப் பாராட்டினார். தேன்மொழியை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

புதுத் திரையில் தெரிந்த மெயில் ஒன்பது.

3. கம்மாபுரம்

அன்று மதியமே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கம்மாபுரத்தில் இருக்கும் தேன்மொழி வீட்டுக்குப் போனேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். பதினோரு வருடமாக அந்த யூனிட் ஆபீஸைப் பார்த்துக்கொண்டவர். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும், “திட்றதுக்கு வந்தீங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. நீங்க மெயிலு எப்படிப் பாப்பீங்கன்னு கேக்க வந்தேன்.”

பழைய திரையைத் திறந்து கொடுத்தேன். அவர் எதையும் தொடவில்லை. மேலிருந்து கீழே ஒரு பார்வை, அவ்வளவுதான்.

“நான் படிக்கறதில்லீங்க. பாப்பேன். எதுனா ஒண்ணு கண்ணுல இடிக்கும். அத மட்டும் தொறப்பேன்.”

அடுத்து புதுத் திரை.

“இதுல ஒண்ணொண்ணும் தனித்தனியா வூடு கட்டிக்கிட்டு குந்தியிருக்குது. யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னே தெரியல. உருட்டிக்கினே இருந்தேன். அதுக்குள்ள போன் வந்துது, புது மெயிலுங்க வேற வந்து எல்லாத்தையும் கீழ தள்ளிடுச்சு. எதுவரைக்கும் பாத்தேன்னு தெரியல.”

வெள்ளி காலை அந்த மெயில் பட்டியலில் பதினான்காவதாக இருந்தது. இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். அவர் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன்.

4. யூனிட்டில்

ராஜவேலு சாரிடம் சொன்னேன். “உருட்டிப் பாக்கலன்னா அதுக்கு நாம என்னா பண்றது? நீ போயி எதையும் ஒத்துக்காத, கலை” என்றார்.

மறுநாள் காலை போய் ஒத்துக்கொண்டேன்.

சுடுவதற்கு முன்னால் என்றால் கட்டையை உடைத்து மறுபடி மண்ணாக்கிவிடலாம். சுட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சரக்கு முற்றத்தில் வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. அதைத் தாண்டித்தான் பன்னீரின் அறைக்குப் போக வேண்டும்.

வெள்ளி காலைப் பட்டியலையே இரண்டு திரையிலும் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “அந்த மெயில கண்டுபிடிங்க சார்” என்றேன். பழையதில் உடனே விரல் வைத்தார். புதியதில் உருட்டினார், தாண்டிப் போனார், திரும்பி வந்தார்.

“அவங்க கண்ணு முன்னாடி இருந்தத நான்தான் சார் கீழ தள்ளிட்டேன். அவங்களக் கேக்காமயே.”

பன்னீர் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். பிறகு போனை எடுத்தார். “தேன்மொழி, நாளைக்கு வந்துடுங்க” என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, “நான்தான் சொல்றேன்ல, வாங்க” என்று இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

5. களிமண் லாரி

வரிகளின் பழைய நெருக்கத்தையே திரும்பக் கொண்டுவந்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். எட்டாம் நாள் பன்னீரின் யூனிட் வாசலில் யாரும் கேட்காத ஒரு லாரி களிமண் வந்து நின்றது.

பன்னீர் மெயில் பார்ப்பது செல்போனில். நெருக்கமான வரிகளில் அவர் விரல் ஒரு வரி தள்ளிப் பட்டு, ‘சரி, அனுப்புங்க’ என்ற பதில் வேறு ஆளுக்கு, களிமண் விற்பவருக்குப் போயிருக்கிறது. புதுத் திரையை அவர் ஏன் பாராட்டினார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் ஒரு முழுக் காலை இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்தேன். தேன்மொழிக்கு வரிகள் நெருங்கியே இருக்க வேண்டும், ஒவ்வொரு நாளின் மெயிலுக்கும் நடுவில் மட்டும் ஒரு சின்ன இடைவெளி போதும். பன்னீருக்கு விரல் படுகிற இடங்கள் அகலமாக இருக்க வேண்டும், பதில் பட்டனும் அழிக்கிற பட்டனும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு ஒரு அளவு, செல்போனுக்கு ஒரு அளவு என்று பிரித்தேன். வட்டத்தை எடுத்துவிட்டேன். அது எதற்கும் உதவவில்லை.

கம்ப்யூட்டரில் இப்போது தெரிவது பத்தொன்பது.

“அது என்னா கணக்கு, பத்தொம்பது?” என்று ராஜவேலு சார் கேட்டார்.

“தேன்மொழிக்கு ஒரு காலையில பதினெட்டு மெயிலு வருது சார்.”

“மீதி ஒண்ணு?”

“நீங்க தெனமும் எல்லாருக்கும் அனுப்புற காலை வணக்கம்.”

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. அடுத்த நாளும் காலை வணக்கம் அனுப்பினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். திரையில் காலி இடம் சும்மா வராது. நீங்கள் ஒரு வரியைத் தள்ளி வைத்தால் இன்னொரு வரி யாரோ ஒருவருடைய கண்ணிலிருந்து போகிறது. அந்த யாரோ ஒருவருக்குப் பெயர், ஊர், வேலை எல்லாம் இருக்கும். முதலில் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பிக்சலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.