பாலம் கேட்டுப் போட்ட கையெழுத்து

பாலம் வேண்டுமென்று கேட்ட மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அதை இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

மனுவை எழுதிக் கொண்டு வந்தவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். பின்னேரம் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, சனத்தைக் கூப்பிட்டிருந்தார். கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி ஒன்றும் வைத்திருந்தார். வயசானவள் என்று என்னை முதலில் கூப்பிட்டு, அந்த மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திருப்பித் தள்ளிவிட்டேன்.

"எனக்கு அது தேவையில்ல தம்பி. பேனையத் தாங்க."

"வாசிச்சுக் காட்டட்டா அம்மா?"

"எனக்கென்ன கண் இல்லையா?"

மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நான். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை வாசிப்பேன், மருந்து மடித்துத் தருகிற தாள் சரையில் எழுதியிருப்பதை வாசிப்பேன். அந்தத் தாளில் இருந்தது பொடிப் பொடி எழுத்து. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு வரி எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் மிச்சத்துக்கு மேலிருந்து கீழே கண்ணை மட்டும் ஓட்டினேன். இடைக்கிடை தலையையும் ஆட்டினேன். பக்கத்து வளவுக்காரி, என் வயசுதான், சும்மா இருப்பாளா?

"பெரிய ஜீ.ஏ. அம்மா கையொப்பம் வைக்கிறா, வழி விடுங்ககா!"

ஜீ.ஏ. என்றால் மாவட்டத்துக்கே பெரிய அதிகாரி. சனம் சிரித்தது. நான் சிரிக்காமல் பெயரை முழுசாக, பெரிதாக எழுதினேன்.

பாலம் ஏன் வேண்டுமென்று எனக்கு யாரும் வாசித்துக் காட்டத் தேவை இருக்கவில்லை. வாவியின் கடற்பக்கக் கரையில் நான் இருக்கிறேன். எதிர்க்கரையான படுவான்கரையில் என் அக்கா. எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு, மாப்பிள்ளை வந்து இருப்பார். எங்கள் அம்மாவுக்கு அந்தக் கரையில் வயல் வட்டையும் அதோடு ஒரு வளவும் இருந்தன, இந்தக் கரையில் தென்னை நிற்கிற இந்த வளவு. மூத்தவளுக்கு வயலோடு அந்த வீடு, இளையவளுக்கு இந்த வீடு என்று பிரித்துத் தந்தார். நடுவில் தண்ணீர் இருக்கிறதே என்று அம்மாவும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. ஏனென்றால் படகுப்பாதை ஓடியது. இரண்டு பெரிய தோணிகளைச் சேர்த்து மேலே பலகை அடித்த மிதவைதான் அது, சுருக்கமாகப் பாதை என்போம். ஆளும் ஏறும், மாடும் ஏறும், நெல் மூடையும் ஏறும். என் வாசலில் இருந்து துறைக்கு நடக்கிற நேரம்தான் கடக்கிற நேரத்தைவிடக் கூட. ஏறினால் வெற்றிலை ஒரு வாய் மென்று முடிப்பதற்குள் அக்கரை. இறங்கி நிமிர்ந்தால் அக்கா வீட்டுக் கடப்பு தெரியும், வேலியில் கம்பு போட்டு அடைத்த அந்த வாசல்.

ஒரு மாரிகாலம் அக்காவின் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. நல்ல பகல் நேரம். பாதை இந்தக் கரையில் இயந்திரம் பழுதாகி நின்றது. காற்றென்றால் சொல்ல முடியாத காற்று, தோணிக்காரர் ஒருவரும் இறங்கவில்லை. அக்கரைத் துறையில் நாலைந்து பெண்கள் சீலையை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் சீலை காற்றில் அடிப்பது எனக்குத் தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. பழுது பார்த்துப் பாதை போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்திருந்தது, ஆனால் அழவில்லை. இந்தக் கரையில் நின்று இதைப் பார்த்தவள் நான். அதற்குப் பிறகு பாலம் என்று யார் தாள் நீட்டினாலும் கையெழுத்து வைத்திருப்பேன்.

பாலம் வந்தது. மனுக் கொடுத்துப் பல வருசம் கழித்து வந்தது, ஆனாலும் வந்தது. தெற்கே கல்லும் கம்பியும் இறக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே இறக்கி இங்கே கொண்டு வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் துறையில்தானே சனம் கடக்கிறது, எங்கள் துறையைக் காட்டித்தானே கேட்டோம். வேலை அங்கேயே நடக்கிறது என்று மகள் சொன்னபோதுகூட, "ஒரு பக்கத்தில இருந்து தொடங்கி வருவானுகள்" என்று அவளுக்கே விளங்கப்படுத்தினேன்.

திறப்பு விழாவுக்கு ஊரில் இருந்து பஸ் விட்டார்கள். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குக் கட்டுகிற பட்டுச் சீலையை எடுத்துக் கட்டினேன். பஸ் ஓடியது, ஓடியது, தெற்கே தேற்றாத்தீவு என்கிற ஊரும் பின்னால் போய்விட்டது. இறங்கிப் பார்த்தால் கொடியும் பாண்டு வாத்தியமும் பெரிய ஆட்களும். பாலம் நல்ல பாலம்தான். நேராக, வெள்ளையாக, இரண்டு லொறி ஒன்றையொன்று தாண்டிப் போகிற அகலம். அக்கரையில் போய் இறங்குகிற இடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மரம்கூட இல்லை.

பக்கத்து வளவுக்காரி என் தோளில் இடித்தாள். "உன்ட பாலம் நல்லாத்தான் கிடக்கு புள்ள. இனி உன்ட வீட்டத்தான் தூக்கி இஞ்ச வைக்கணும்."

"உன்ட வாயையும் சேத்து வைக்கிறன்கா" என்றேன்.

பாலத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அக்காவின் பேத்திக்கு வலி எடுத்தபோது அம்புலன்ஸ் வாசலுக்கே வந்து, பாலத்தால் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. பிள்ளை முழுசாகப் பிறந்தது. அந்தப் பிள்ளையை என் மடியில் கிடத்திக்கொண்டு பாலத்தைத் திட்டினால் என் வாய் அழுகிவிடும்.

ஆனால் பாலம் திறந்து ஒரு மாதம் போகவில்லை, துறையில் மரத்தில் பலகை அடித்தார்கள். பாதை ஓடாது. அது பெரிய எழுத்து, நானே வாசித்தேன். பாதையைக் கரையில் இழுத்துப் போட்டார்கள், அதன்மேல் ஆடு ஏறிப் படுக்கத் தொடங்கியது. பாதை ஓட்டியவருக்குக் கந்தோர் ஒன்றில், அரசாங்க அலுவலகத்தில், காவல் வேலை கிடைத்து, சப்பாத்தும் போட்டுக்கொண்டு சந்தோசமாகப் போனார். நெல் லொறியில் பாலத்தால் வந்தது. தயிர்ச் சட்டி கடைக்கே வந்து இறங்கியது. வாலிபர்கள் எல்லாரும் மோட்டார் சைக்கிளில் ஒரு வீச்சில் போய் வந்தார்கள். யாருக்கும் குறையில்லை. எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு இல்லை. அதில் ஏறி இருக்க முடியாத ஒரு ஆளும் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது.

போன வருசம் அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டு வந்து கட்டிலில் போட்டார்கள், அதற்குப் பிறகு எழும்பவில்லை. நான் பார்க்கப் போனேன். பெரிய றோட்டுக்கு நடந்து, தெற்கே ஒரு பஸ், பாலத்துக்கு இன்னொரு பஸ், அக்கரையில் இறங்கி வாய்க்கால் கட்டோடு வடக்கே ஆட்டோ. காலைத் தேத்தண்ணியோடு வெளிக்கிட்டவள், அவர்கள் மத்தியானம் சாப்பிட்டுக் கையலம்பிய பிறகுதான் போய்ச் சேர்ந்தேன்.

அக்கா கண்ணை முழித்துப் பார்த்தாள். "என்ன புள்ள, இப்பதானா பாதை வந்த?"

"பாலத்தால வந்தனான் அக்கா."

"பாலத்தாலயா? விசர் புடிச்சவள். நேர வராம ஏன்கா ஊரச் சுத்துற?"

அவளுக்கு நினைவு அங்குமிங்குமாகப் போய்விட்டது. அக்காவின் மகள் கஞ்சிக் கோப்பையோடு நின்றாள். "சின்னம்மா, மூணு நாளா வாய் திறக்கிறா இல்ல. குடுத்தாத் துப்புறா. நீங்க ஒருக்காக் குடுத்துப் பாருங்க." நான் வாங்கிக் கொடுத்தேன். கோப்பை முழுவதையும் குடித்தாள். அடுத்த நேரமும் என் கையால்தான். ஏன் என்று எனக்குத் தெரியாது. மகள் பாவம், அவள் இரவும் பகலும் பார்க்கிறவள், அவள் கையைத் தட்டிவிட்டு என் கைக்குத் திறக்கிறாள். "உங்கட தங்கச்சியையே கட்டி வச்சிருங்க" என்று அவள் தாயோடு சண்டை பிடித்துவிட்டு, குசினி அடுப்படிக்குள் போய் அழுதாள்.

ஒரு கிழமை நின்றேன். அதற்கு மேல் நிற்க முடியவில்லை. என் மகள் கார்மென்ட்ஸில் வேலை. விடியப் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனால் பொழுதுபட்டுத்தான் இறக்கிவிடும். முன்பென்றால் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் நிற்கும், இப்போது பக்கத்து வீட்டுக்காரியின் மகளும் அதே பஸ்ஸில்தான் போகிறாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற என் மகளின் பிள்ளைகளுக்குக் கதவு திறக்க நான்தான்.

இரண்டாம் தரம் போய் வந்தபோது கால் இரண்டும் உலக்கையாய் வீங்கியது. மூன்றாம் தரம் பஸ் மிதிபலகையில் சறுக்கி றோட்டில் விழுந்தேன். மகள் கைகூப்பாத குறை. "அம்மா, நீங்களும் விழுந்து படுத்தா நான் வேலைய விட்டுத்துத்தான் நிக்கணும். எனக்காகவாவது போகாதீங்க." அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குக் கோபம்.

தோணியில் போகலாம் என்று நினைத்தேன். வலை போடுகிற ஒருவர், எனக்கு மருமகன் முறை, "வாங்க மாமி, ஒரு எட்டுல கொண்டு விடுறன்" என்றார். துறையில் பழைய படிக்கட்டை உடைத்து, நடந்து திரிய அழகான கல்லுத் தளமும் கம்பி வேலியும் போட்டிருக்கிறார்கள். பின்னேரங்களில் அதில் நின்று படம் எடுக்கிறார்கள். கம்பிக்குக் கீழே, ஆள் உயரத்துக்குக் கீழே, தோணி. என் முழங்கால் அவ்வளவு தூரம் மடியாது. இரண்டு பேர் என்னைத் தூக்கி இறக்கப் பார்த்தார்கள்.

"மெதுவா, மெதுவா. மாமி நெல் மூட இல்ல" என்றார் மருமகன்.

படம் எடுத்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "விடுங்க. எனக்கு ஏலாது" என்றேன். விட்டுவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்தது எனக்கு நினைவில்லை.

கடைசியாக, பாதையைப் பொறுப்பாக நடத்திய கந்தோருக்குப் போனேன். கிழமையில் இரண்டு நாள் பாதையை ஓட விட்டால் போதும் என்று கேட்க. என் மகள் எழுதித் தந்த கடிதத்தை இந்த முறை நாலு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். அங்கே மேசையில் இருந்தது ஒரு பெண்பிள்ளை, மரியாதையான பிள்ளை. கதிரை தந்து இருத்தி, தண்ணீரும் தந்து, பழைய கோப்பு ஒன்றை எடுத்துப் புரட்டினாள்.

"அம்மா, இது உங்கட கையொப்பம்தானே?"

பார்த்தேன். பெரிதாக, முழுசாக, எல்லாருக்கும் மேலே.

"ஓம்."

அவள் வாசித்தாள். ஆபத்தான படகுப்பாதைச் சேவையை நிறுத்தி, வாகனங்கள் செல்லக்கூடிய பாலம் ஒன்றைப் பொருத்தமான இடத்தில் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வாத்தியார் நல்ல தமிழில்தான் எழுதியிருக்கிறார்.

"நீங்க கேட்டதத்தானே அம்மா அவங்க செஞ்சிருக்காங்க" என்றாள். குத்திச் சொல்லவில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டாள். "பாதையப் பழுது பாக்கிறதுக்கு இனிக் காசு ஒதுக்க மாட்டாங்க. பாலம் இருக்குத்தானே."

வாசிக்காமல் வைத்தேன் பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பேத்தி வயசு அவளுக்கு, அவளுக்கு முன்னால் சொல்ல மனம் வரவில்லை. சொல்லியிருந்தாலும் பாதை ஓடியிருக்காது என்று இப்போது என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். தண்ணீர்க் கிளாசைக் குடித்து வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

இப்போது போன்தான். மத்தியானத்தில் அக்காவின் மகள் படம் தெரிகிற மாதிரி எடுப்பாள். ஒரு கையில் போன், மற்றக் கையில் கரண்டி. "சின்னம்மா, சொல்லுங்க" என்பாள். நான் இங்கே இருந்துகொண்டு, "அக்கா, ஆ காட்டு" என்பேன். முதலில் அக்கா என் குரலுக்குத் திறந்தாள். நாலு கரண்டி, ஐந்து கரண்டி போகும். நானும் அக்காவின் மகளும் சிரிப்போம். விஞ்ஞானம் பெரிய விஞ்ஞானம்தான் என்று நானே சொன்னேன். வர வர மூன்றாகி, இரண்டாகி, முகம் ஒட்டி, படத்தில் கண் மட்டும்தான் பெரிதாகத் தெரிகிறது. மழை இருட்டினால் போன் அறுந்து அறுந்து வரும். அப்போது நான் சொல்வது அங்கே போகிறதா என்றும் தெரியாது, சொல்லிக்கொண்டே இருப்பேன்.

நேற்று வெயில் நன்றாக எறித்தது, போனும் தெளிவு. "அக்கா, ஆ காட்டு" என்றேன். அக்கா போனைப் பார்க்கவில்லை. அவள் கண் வாசல் பக்கம் போனது, யாரோ வருகிற மாதிரி. நான் திரும்பவும் கூப்பிட்டேன். திரும்பவும் வாசலைத்தான் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்கம்மா, சின்னம்மா இஞ்ச இருக்கிறா" என்று மகள் போனை அவள் முகத்துக்குக் கிட்டே பிடித்தாள். அக்கா அதைக் கையால் தள்ளிவிட்டாள்.

"அவள் வரட்டும்" என்றாள். "அவள் வந்தாப் பிறகு குடிக்கிறன்."