நிக்கல் தகட்டில் முளைத்த வெள்ளி

கொச்சியில், யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்சந்தில் உள்ள முலாம் பட்டறையில் ஆவுடையம்மாளுக்குப் பதினெட்டு வருஷமாக வேலை. கறுத்துப்போன, மூக்கு வைத்த பித்தளைக் கிண்டிகளையும் தட்டுகளையும் வெள்ளித் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, பளபளவென்று வெளியே எடுப்பாள். அவை நாலாம் நாள் முன்கடையில் வெள்ளைக்காரர்கள் கையில் இருக்கும்.

ஒரு ஜூன் மாதம், மழைத்தண்ணீர் உள்ளே ஏறி, பட்டறை மூன்று நாள் மூடிக் கிடந்தது. பொழுது போகாமல் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு மலையாள வீடியோ கண்ணில் பட்டது. கார உப்புத் தண்ணீரில் நிக்கல் தகட்டைப் போட்டு நாள்கணக்கில் மின்சாரம் பாய்ச்சினால், தகட்டில் இல்லாத உலோகங்கள் தகட்டில் முளைக்கின்றனவாம். அணுவுக்குள்ளேயே ஏதோ நடக்கிறதாம், அதுவும் சூடில்லாமல், சத்தமில்லாமல். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக இது உண்மையென்று சிலர் சத்தியம் செய்கிறார்கள், பலர் கைகொட்டிச் சிரிக்கிறார்கள் என்று வீடியோக்காரர் சொன்னார்.

ஆவுடையம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். தொட்டி, தகடு, மின்சாரம். இது அவள் சமாச்சாரம் அல்லவா!

அன்று சாயங்காலமே வேலை தொடங்கிவிட்டது. ஊறுகாய்க் குப்பி ஒன்று. பட்டறையில் மிஞ்சிய நிக்கல் தகட்டில் ஒரு துண்டு. எதிர்முனைக்கு, செத்துப்போன டார்ச் பேட்டரியை உடைத்து உள்ளிருந்த கார்பன் குச்சி. மின்சாரத்துக்குப் பழைய போன் சார்ஜர்.

பஜாரில் அரிசி மூட்டை இறக்கிவிட்டு வந்த அவள் புருஷன் செல்லதுரை, அடுக்களை மேடையில் குமிழி விட்டுக்கொண்டிருந்த குப்பியைப் பார்த்தான்.

"ஏட்டி, என்ன இது?"

"அணு ஒலைங்க."

"பக்கத்துலதான் நேவிக்காரன் இருக்கான். பிடிச்சுட்டுப் போயிருவான்."

"வந்தா சாயா போட்டுக் குடுப்போம். நீங்க அதத் தொடாதீங்க."

பன்னிரண்டு நாள் குப்பி குமிழி விட்டது. ஒன்பதாம் நாள் தகட்டின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. பட்டறை விட்டு வந்தால், அதைப் பார்க்க அவள் முப்பது தடவை அடுக்களைக்குப் போனாள். சோறு இரண்டு முறை தீய்ந்தது. பன்னிரண்டாம் நாள் தகட்டைக் கழுவி, கைக்குட்டையில் சுற்றி, ஹரிஷங்கரிடம் ஓடினாள்.

ஹரிஷங்கர் பஜாரில் தங்கம் சோதிக்கும் கடை வைத்திருப்பவன். நாலு தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். நகையை உரசாமல், உருக்காமல், எக்ஸ்ரே கதிரை அடித்தே அதில் என்னென்ன உலோகம் என்று சொல்லும் மெஷின் அவனிடம் இருந்தது. தகட்டை உள்ளே வைத்து மூடினான். திரையில் எண்கள் ஓடி நின்றன. நிக்கல்தான் பெரும்பங்கு. அதோடு நூற்றுக்கு இரண்டு செம்பு, ஒன்று துத்தநாகம், துளி வெள்ளி.

"வெள்ளியா?" ஆவுடையம்மாள் குரல் கீச்சென்று வந்தது.

"வெள்ளியாக்கும் சேச்சி. இது எங்கேர்ந்து வந்தது?"

மிச்சத் தகட்டையும் அவள் கொண்டுவந்திருந்தாள். அதையும் வைத்துப் பார்த்தான். சுத்த நிக்கல், வேறொன்றும் இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹரிஷங்கர் கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். "ஈஸ்வரா! யார்கிட்டயும் சொல்லாதீங்கோ," என்றான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு கிலோ கரிமீன் வாங்கினாள், முன்பின் பேசாத பக்கத்து வீட்டுக்கும் பொரித்துக் கொடுத்தாள், தெருவில் போன பூனையை "வாடா ராசா" என்றாள். தரையில் கால் பாவாமல் இரண்டு நாள் திரிந்தாள்.

மூன்றாம் நாள் பட்டறையில், துலக்கிய பித்தளைத் தட்டு ஒன்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பங்கு செம்பு, ஒரு பங்கு துத்தநாகம். அதற்குப் பெயர்தான் பித்தளை! பதினெட்டு வருஷம் பித்தளையோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது உறைக்க மூன்று நாள் ஆயிற்று. டார்ச் பேட்டரியின் கார்பன் குச்சிக்குத் தலையில் ஒரு பித்தளைத் தொப்பி உண்டு. குமிழி தெறித்துத் தெறித்து அது கரைந்து, நேரே தகட்டில் போய் ஒட்டியிருக்கிறது.

சரி, வெள்ளி? அதை யோசித்தபடியே தொட்டியைக் கலக்க மூங்கில் குச்சியை எடுத்தாள். கை நின்றது. இதே போல ஒரு குச்சியைத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பியைக் கலக்கினாள். வருஷக்கணக்காக வெள்ளித் தண்ணீரில் ஊறிய குச்சி!

அவளுக்கு அழுகை வர வேண்டிய இடம். வந்ததோ சிரிப்பு. தொட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த போலீஸ்காரனுக்குக்கூட அத்தனை ஆனந்தம் இருந்திருக்காது.

அன்றைக்கே இரண்டு புதுக் குப்பி வைத்தாள். ஒன்றில் எல்லாம் பழையபடி. மற்றதில் தொப்பி கழற்றிய குச்சி, கலக்கக் கண்ணாடிக் கம்பி. பன்னிரண்டு நாள் கழித்து ஹரிஷங்கரின் மெஷின் தீர்ப்பு சொன்னது. முதல் தகட்டில் செம்பும் துத்தநாகமும் வெள்ளியும் அப்படியே வந்திருந்தன. இரண்டாவதில் நிக்கல், நிக்கல், நிக்கல்.

"போச்சே சேச்சி," என்றான் ஹரிஷங்கர்.

"என்ன போச்சு? எப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிச்சாச்சுல்லா!"

அவன் தங்கை அஞ்சனா வைட்டிலாப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவள். கதையைக் கேட்டவள் இரண்டு தகட்டையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வரச் சொன்னாள். ஆவுடையம்மாள் பட்டுப்புடவை கட்டி, செல்லதுரையை இஸ்திரிச் சட்டையோடு கூட்டிக்கொண்டு போனாள். ஐம்பது பிள்ளைகள் முன்னால், தமிழும் மலையாளமும் பின்னிப் பிணைந்த பேச்சில், குப்பி, தொப்பி, குச்சி எல்லாவற்றையும் சொன்னாள். மூங்கில் குச்சி வந்த இடத்தில் வகுப்பே அலறிச் சிரித்தது; கடைசி பெஞ்சில் செல்லதுரை எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

ஒரு பெண் எழுந்து, "அப்போ எல்லாம் புளுகா சேச்சி?" என்று கேட்டாள்.

"என் குப்பியில தொப்பி இருந்துச்சு மோளே. அடுத்தவங்க குப்பிய நான் பாக்கலையே. பாத்தாத்தான் சொல்ல முடியும்."

இப்போது சனிக்கிழமைகளில் அவள் அந்தக் கல்லூரி ஆய்வகத்துக்குப் போகிறாள். இந்தச் சோதனைக்குப் பேர்போன பல்லேடியம் என்ற உலோகத்தில் அஞ்சனா எங்கோ கேட்டு வாங்கிய தலைமுடி கனக் கம்பியை, உப்புக் கறைகூட இல்லாத குப்பியில் இருவரும் தொங்கவிட்டிருக்கிறார்கள். பதினோரு வாரத்தில் புது உலோகம் எதுவும் வரவில்லை. வேறு எதுவும் உள்ளே நுழையவும் அவள் விடவில்லை. போன வாரம் குப்பியை எட்டிப் பார்க்க வந்த பிரின்ஸிபாலையே மோதிரத்தைக் கழற்றிவிட்டு வரச் சொல்லிவிட்டாள்.