புதுநன்மை உடுப்பில் பதினொரு பிள்ளைகள்

காலை 6.40. தூத்துக்குடியில் வேம்பார் பேருந்தில் ஏறினேன். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். மதுரை வாரப் பத்திரிகை ஒன்றுக்காகப் படம் எடுக்கும் வேலை. கண்டக்டர் என் கேமராப் பையைப் பார்த்ததுமே கேட்டார்.

“உப்பளப் போராட்டத்துக்கா அண்ணாச்சி? நாலு நாளா உக்காந்திருக்காவ. ஒருத்தரும் எட்டிப் பாக்கல.”

தருவைகுளம் தாண்டியதும் உப்பளங்கள் மழைத்தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. மழை முடியும்வரை அங்கே வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு அரசு தரும் நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள்தான் குடும்பத்தோடு சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

8.20. வேம்பாரில் இறங்கினேன். ஒழுகும் தார்ப்பாய்க்கு அடியில், ஈர மண்ணில் கால் நீட்டி, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி காலித் தட்டை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். உடனே எடுத்தேன். அட்டைப்படமே கிடைத்துவிட்டது என்று மனம் துள்ளியது. வெட்கக்கேடு, ஆனால் துள்ளியது.

அவளுடைய அம்மா மரியசெல்வி ஓடி வந்தாள். “சார், அதை அழிங்க. பள்ளிக்கூடத்துல புள்ளைய கேலி பண்ணியே கொன்னுருவாளுவ. கொஞ்சம் பொறுங்க, நல்லா எடுக்கலாம்.”

அவள் கண்ணெதிரிலேயே அழித்தேன். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போனார்கள்.

9.15. பதினொரு பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். மாதா கோயிலில் முதன்முதலாக நன்மை, அதாவது நற்கருணை, வாங்கும் நாளுக்குத் தைத்த வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி, முகமெல்லாம் பவுடர். அக்காமார் உடுப்பு தங்கச்சிமார்மேல் தொளதொளத்தது. போட்டோ என்றால் அந்த ஊரில் அப்படித்தான்.

“வீட்டுல போடுத உடுப்பே போதுமே,” என்றேன்.

“ஏன், அழுக்கா இருந்தாத்தான் எங்களுக்குப் பசிக்குன்னு நம்புவாவளோ?” என்றாள் மரியசெல்வி.

எடுத்து, கைப்பேசியில் அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் பத்திரிகை ஆசிரியர் அழைத்தார். மழை இரைச்சலில் காது கேட்கவில்லை, ஸ்பீக்கரைப் போட்டேன். அந்தப் புத்தியை என்னவென்று சொல்ல?

“என்னய்யா, கல்யாண வீட்டுக்கா போனே? இதைப் போட்டா இவங்களுக்கு எதுக்கு நிவாரணம்னு கேப்பான். வேற படம் இல்லேன்னா இந்த வாரம் செய்தியே வேண்டாம்.”

மரியசெல்வி பக்கத்திலேயே நின்றாள்.

“செய்தி வராட்டி ஆபீசருமார் வருவாவளா சார்?”

“தெரியலம்மா.”

அவள் மகளைக் கூப்பிட்டாள். “ஏளா பிரின்சி, இங்கன வா.” பூமுடியை எடுத்தாள். முந்தானையை நனைத்துப் பவுடரை அழுத்தித் துடைத்தாள். உடுப்பைக் கழற்றிப் பழைய கவுனை மாட்டினாள்.

“எம்மா, கொஞ்ச நேரம் போட்டுக்கிடுதேன்,” என்று பிள்ளை அழுதது.

“வாய மூடு. உக்காரு.” தட்டைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எடுங்க சார்.”

முதல் படத்தைவிட இது நன்றாக வந்தது. அழுகை வேறு இருந்ததே.

10.30. திரும்பும் பேருந்தில் என் மகள் நினைப்புதான். அவளை இப்படி உட்காரவைத்து எவனாவது கேமராவைத் தூக்கியிருந்தால் அடிக்கவே போயிருப்பேன். பிரின்சியிடம், வெளிச்சம் விழட்டும், முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்து என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.